சேலத்தில் ஒரு நாளின் கால் மணி நேரம்: நகர வாழ்க்கையில் சிறு இன்பங்களைக் கண்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தின் குகை என்னும் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் ஒரு கைத்தறி ஓடுகிறது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டு வேளை வரை அதன் ஓசை நிற்பதில்லை. ஆனாலும் அந்த ஓசையால் என் தூக்கமோ வேலையோ கெட்டதாக நினைவில்லை. தெருமுனையில் ஒரு பேருந்து ஒரே ஒருமுறை ஹாரன் அடித்தால் போதும், கையிலிருக்கும் காபி தளும்பிவிடுகிறது. இரண்டும் ஓசைதான். பேருந்து என்னைக் கூப்பிடுகிறது; தறி என்னைக் கூப்பிடுவதில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது. நகரத்தில் அமைதி வேண்டும் என்று சொல்லும்போது நான் தேடுவது இதைத்தான்: நம்மை யாரும், எதுவும் கூப்பிடாத ஒரு கால் மணி நேரம்.

வேலைக்குப் போகிறவர்களையும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. பெரிதாகச் செலவும் இல்லை. நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் என்பதால், முதற்படி சற்றுக் கணக்குப்பிள்ளைத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முதற்படி: ஒரு வாரம் காத்திருப்புகளை எழுதிவையுங்கள்

புதிதாக நேரம் ஒதுக்கப் பார்த்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நாளே கைவிட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை அட்டவணை போட்டு, அதில் ‘அமைதி’ என்று ஒரு கட்டமும் வரைந்து, அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத எரிச்சலிலேயே இருந்த அமைதியையும் தொலைத்தேன். அதனால் இருக்கிற இடைவெளிகளை முதலில் கண்டுபிடிப்பதே நல்லது. ஒரு சிறு நோட்டை எடுத்து, ஏழு நாட்கள், எங்கெல்லாம் காத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்: பேருந்துக்காக, ரேஷன் வரிசையில், பிள்ளையின் டியூஷன் வாசலில், குக்கர் விசில் வருவதற்காக, மாவு மில்லில். எதற்காக, எத்தனை நிமிடம், நின்றா உட்கார்ந்தா என்ற மூன்று விவரங்கள் போதும்.

ஒரு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, நான்கு ரோட்டுக்குப் போகும் பேருந்துக்காக மட்டுமே நான் நாளொன்றுக்கு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் நிற்பது தெரிந்தது. அந்த இருபது நிமிடங்களும் கைப்பேசித் திரையில்தான் போய்க்கொண்டிருந்தன. பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, கூட்டம் குறைந்த முந்தைய பேருந்தைப் பிடித்தால், அந்த நேரம் அலுவலகத்துக்கு முன்னால் முழுதாக என் கையில் வந்து சேர்கிறது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் கணக்கே இல்லாமல் ‘எனக்கு நேரமே இல்லை’ என்று சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை.

இரண்டாம் படி: ஓர் இடம், ஒரே ஓர் இடம்

வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிட நடைத் தூரத்துக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உட்கார இடமும் நிழலும் இருக்க வேண்டும். எதையும் வாங்காமல் உட்கார்ந்திருக்க முடிய வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, தனியாக உட்கார்ந்திருப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிராத இடமாக அது இருக்க வேண்டும். ஆண்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. டீக்கடை பெஞ்சு அவர்களுக்குப் போதும். ஒரு பெண் தனியாகப் பூங்காவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊரில் பெண்கள் தனியே உட்கார்ந்தாலும் யாரும் கேள்வி கேட்காத பொது இடம் கோயில் பிராகாரம்தான் என்பது என் மனைவியின் கருத்து. அதை மறுக்க எனக்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை.

நான் தேர்ந்தது சுகவனேஸ்வரர் கோயில். சுகம் என்றால் கிளி. கிளிகள் நிறைந்த வனத்தில் எழுந்தருளியவர் என்பது பெயரின் பொருள். வெளியே நகரத்தின் மிக நெரிசலான பகுதிகளில் ஒன்று. மதிலைத் தாண்டி உள்ளே போனால் கல்தரையின் குளிர்ச்சி காலில் ஏறுகிறது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை வேளையே சரி. பிரதோஷத்தன்று தவிர்த்துவிடுங்கள், உட்காரத் தூண் கிடைக்காது. கோட்டை மாரியம்மன் கோயிலும் பக்கம்தான். ஆனால் செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் அங்கே கூட்டம் நெரியும்; அது நேர்ந்துகொண்டு போக வேண்டிய இடம், சும்மா உட்காரப் போகும் இடமன்று. திருமணிமுத்தாற்றின் கரையைச் சொல்ல எனக்கும் ஆசைதான். நகருக்குள் இன்று அது இருக்கும் நிலையில் அங்கே உட்காரச் சொல்வது பொய்யாகிவிடும்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் வாரம் தூணையும் மண்டபத்தையும் பார்ப்பீர்கள். இரண்டாம் வாரம் சலிக்கும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் அந்த இடம் தன்னைக் காட்டத் தொடங்கும். காலை வெயில் எந்தப் படிக்கட்டில் எத்தனை மணிக்கு இறங்குகிறது, எந்தப் புறா எந்த மாடத்துக்குச் சொந்தம், கோலம் போடும் அம்மாள் எந்தப் புள்ளியில் தொடங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தின் நடுவில் வாசலில் பூக்கட்டும் அம்மா ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏங்க சார், தெனமும் வந்து தூணோரமா உக்காந்துட்டுப் போறீங்களே, வீட்டுல எதாச்சும் சங்கடமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மாதான்.”

“சும்மாவா!” என்றவர், நாலு முழம் கட்டி முடிக்கும் வரை என்னை நம்பாத பார்வையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் படி: மொட்டை மாடியில் திசை பழகுதல்

வெளியே போக வாய்ப்பில்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும். சேலத்துக்காரர்களுக்கு அது பெரும் சொத்து, ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. வடக்கே நாகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலைத்தொடர். ஐந்தையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இருவர்தான் இருந்தார்கள். இருவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். முதல் வேலையாக, உங்கள் மாடியிலிருந்து எவையெவை தெரிகின்றன, எவற்றை அடுக்குமாடிகள் மறைத்துவிட்டன என்று பாருங்கள். மேற்கே தெரியும் கஞ்சமலை இரும்புக்கல் நிறைந்தது. மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாலையில் அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும்.

அடுத்தது சூரியன். மாடிச் சுவரில் எப்போதும் ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை, சூரியன் எதற்கு நேராக உதிக்கிறது என்று குறித்துவையுங்கள்: ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தென்னை, ஒரு செல்போன் கோபுரம் என்று ஏதாவது இருக்கும். ஜூன் மாதத்தில் அது சேர்வராயன் மலைப் பக்கமாக வடகிழக்கில் ஒதுங்கியும், டிசம்பரில் தென்கிழக்கே நகர்ந்தும் எழுவதைக் காணலாம். பள்ளியில் உத்தராயணம், தட்சிணாயனம் என்று மனப்பாடம் செய்தது எனக்கு விளங்கியது நாற்பத்து மூன்றாம் வயதில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியால்தான்.

ஆண்டில் இரண்டு நாட்களை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டுவையுங்கள். சேலம் இருக்கும் அகலக்கோட்டில், ஏப்ரல் 20, 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22, 23 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரலில் மணி 12:16-ஐ ஒட்டியும், ஆகஸ்டில் 12:20-ஐ ஒட்டியும், ஒரு எவர்சில்வர் டம்ளரை மாடித் தளத்தில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். விளிம்பு அகலமான டம்ளர் வேண்டாம், நேராக நிற்கும் உருளை டம்ளராக இருக்கட்டும். ஐந்து நிமிடம் முன்பு பக்கத்தில் மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரியும் நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளரின் அடிக்குள் போய்விடும். சில நொடிகளுக்கு டம்ளர் தளத்தில் வைத்ததுபோல் இராது, வரைந்ததுபோல் இருக்கும். பிறகு மறுபக்கத்தில் ஒரு நூலளவு கறுப்பு எட்டிப் பார்க்கும். அன்று கூப்பிட்டதற்காகத் திட்டிக்கொண்டே மாடியேறி வந்த என் மகள், ஆகஸ்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு இறங்கினாள். காலில் செருப்பு அவசியம். சித்திரை வெயிலில் சேலத்து மாடி தோசைக்கல்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். நான்கு பக்கமும் மலை சூழ்ந்த இந்த ஊரில், கோடையில் பாறையும் காங்கிரீட்டும் பகலில் குடித்த சூட்டை இரவு வெகுநேரம் வரை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆகவே மார்ச் முதல் ஜூன் வரை மாலை மாடியை எதிர்பார்க்க வேண்டாம், விடியலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காதுக்கு ஒரு வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கும் ஓசைகளை ‘கூப்பிடுபவை’, ‘கூப்பிடாதவை’ என்று இரண்டாகப் பிரியுங்கள். ஹாரன், அறிவிப்பு மணி, ஒலிபெருக்கி ஆகியவை முதல் வகை. பாத்திரம் துலக்கும் ஓசை, தென்னை ஓலை உரசுவது, தூரத்து ரயில் ஆகியவை இரண்டாம் வகை. பத்து நாட்களில் இரண்டாம் வகை பெருகிக்கொண்டே போவதைக் காண்பீர்கள்; ஊர் மாறியிருக்காது, காது தேறியிருக்கும்.

குகையிலும் அம்மாப்பேட்டையிலும் இருப்பவர்கள் தறி ஓசையை வைத்துப் பழகலாம். மிதியை மிதித்ததும் பாவு என்னும் நெடுக்கு நூல்கள் பிரியும் மெல்லிய முனகல், ஊடுநூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓடும் ஓசை, பலகை வந்து அடிக்கும் ‘தடக்’ என்று ஒரு சுற்றுக்கு மூன்று ஓசைகள். நூல் அறுந்தால் தறி நிற்கும். அந்த நிறுத்தத்தில் எங்கள் தெரு முழுவதும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் எனக்குத் தோன்றும். முடிச்சுப் போட்டு மீண்டும் ஓடத் தொடங்கியதும் என் மூச்சும் வெளியேறும். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட ஓசை இப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் கேட்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பிறகு யார் தறியில் உட்காருவார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: ஒரு தட்டு, ஒரு பழம்

சிறு இன்பங்களில் நாவுக்குரியவை எளிதில் கிடைப்பவை, அதனாலேயே எளிதில் வீணாகிறவை. இதற்கு நான் வைத்திருக்கும் விதி, எது எந்த இடத்துக்கு உரியதோ அதை அங்கேயே, அந்த வேளையிலேயே, குறைவாகச் சாப்பிடுவது. தட்டுவடை செட்டுக்கு இந்த விதி நூற்றுக்கு நூறு பொருந்தும். மாலையில் தள்ளுவண்டி விளக்கு ஏற்றியபின் போய் நில்லுங்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத தட்டுவடைகளைச் சீட்டுக்கட்டு பரப்புவதுபோல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் காரச் சட்னி ஒரு தடவல், பச்சைச் சட்னி ஒரு தடவல், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் நறுக்கிய வெங்காயமும் ஒரு சிட்டிகை வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடி நீட்டுவார். அதை இரண்டாகக் கடிக்க முயலாதீர்கள். முழுதாக வாயில் போட்டால்தான் மேல்தட்டு நொறுங்குவதும் அடித்தட்டு சட்னியில் ஊறத் தொடங்கியிருப்பதும் ஒன்றாகத் தெரியும். பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் நமுத்துப்போன வடையும் சிவந்த காகிதமும்தான் மிஞ்சும். ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது செட் பசிக்கு, முதலாவதுதான் இன்பத்துக்கு.

மாம்பழம் இதற்கு நேர்மாறு. அதன் இன்பம் வீட்டில், காத்திருப்பதில் இருக்கிறது. சேலத்து மாம்பழம் என்றால் மல்கோவாவும் இமாம்பசந்தும் முதலில் நினைவுக்கு வரும். பழமாக வாங்காமல், நன்கு முற்றிய காயாகக் கேட்டு வாங்குங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டது என்றாலும், காம்பிலிருந்து நுனிவரை ஒரே மஞ்சளாக, மணமே இல்லாமல் வரும் பழத்தை நம்பாமல் இருப்பது நல்லது. முற்றிய காயை வைக்கோலிலோ செய்தித்தாளிலோ பொதிந்து, காற்றோட்டமான மூலையில் வைத்து, காலையில் ஒருமுறை காம்புப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். முதல் நாள் பால் மணம், பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை, அதன்பின் ஒரு காலையில் அறைக்கதவைத் திறக்கும்போதே தெரியும். எங்கள் வீட்டில் அந்த முகரும் வேலைக்குச் சண்டை நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்து அந்த மணத்தைக் கொன்றுவிடாதீர்கள்.

ஆறாம் படி: நீரும் ஒரு பறவையும்

மாதம் ஒருமுறையேனும் விடியற்காலையில் கன்னங்குறிச்சிக்குப் போய் மூக்கனேரிக் கரையில் உட்காருங்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீர் வந்து சேரும் ஏரி இது. 2010-க்குப் பிறகு ஊர் மக்கள் கைகோத்துத் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே சிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகள் இப்போது பறவைகளுக்கு வீடு.

பறவைப் பட்டியலோடு போக வேண்டாம். ஒரு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள்; தொடக்கத்துக்கு முக்குளிப்பான் நல்லது. வாத்துக் குஞ்சு அளவே இருக்கும் இந்தப் பறவை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீருக்குள் மறைந்துவிடும். எங்கே எழும் என்று மனத்துக்குள் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள். நான் இதுவரை சரியாகச் சொன்னது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அது பழகியபின் நீர்க்காகத்துக்குப் போகலாம். மீன் பிடித்து வந்ததும் ஒரு கட்டையில் ஏறிச் சிறகுகளை இருபுறமும் விரித்து, துவைத்த சட்டையைக் கொடியில் காயப்போட்டதுபோல் அசையாமல் நிற்கும். அதன் இறகு வாத்தின் இறகைப்போல் நீரை முழுதாக விலக்குவதில்லை. நனைந்துபோவதால் ஆழத்தில் மூழ்க வசதி, ஆனால் மேலே வந்தால் காயவைத்தாக வேண்டும்.

ஏழாம் படி: மலைக்குப் போவது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம்

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போய், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகளின் பின்னால் ஊர்ந்து, படகுக்கு வரிசையில் நின்று, பஜ்ஜி தின்று, ஒருவரோடு ஒருவர் பேசாமல் வீடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகு கண்டுபிடித்த முறை இது. வார நாளில், காலை அரசுப் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், தனியாகவோ இன்னொருவரோடோ போங்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழி. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டும்போது, டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு சாலையோரம் நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் படப்பிடிப்பு நிலையத்தில் இன்று மிஞ்சியிருப்பது அதுதான். அடிவாரத்துக்குப் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சுமார் 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறுவதால் மேலே ஏழெட்டு டிகிரி குறைந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, எந்த வளைவில் முதன்முதலாகக் கையில் மயிர் சிலிர்க்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெரும்பாலும் பதினொன்றோ பன்னிரண்டோ. தை மாதத்தில் ஏழிலேயே.

மேலே ஏரிப் பக்கம் போகாமல், காபித் தோட்டங்களை ஒட்டிய சாலை ஒன்றில் நடக்கத் தொடங்குங்கள். இங்கே காபி வந்தது 1820-களில், அப்போது சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். சில்வர் ஓக் மரங்களின் நிழலும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும், அடியில் காபிச் செடியும் என்று மூன்றடுக்காக இருக்கும் பச்சைக்குள் சாலை போகும். காபி பூக்கும் நாளைப் பிடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலையில் நல்ல மழை ஒன்று பெய்தால், அன்றிலிருந்து எட்டு முதல் பத்து நாட்களை எண்ணுங்கள். மொட்டுகள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் விரியும். கிளைமுழுதும் வெண்சரம் சுற்றியதுபோல் இருக்கும். மல்லிகையை நினைவூட்டும் மணம் சாலைவரை வரும். இரண்டு மூன்று நாட்களில் எல்லாம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். சேலத்தில் வெயில் கொளுத்தும்போது மலையுச்சியில் மேகம் இறங்கி இடி கேட்டால், நான் அலுவலக நாட்காட்டியில் ஒன்பதாம் நாளில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். தோட்டங்கள் தனியார் நிலம், ஆகவே சாலையிலேயே நில்லுங்கள். குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள், கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டும் நடக்காதீர்கள்.

விட்டுப்போகும் நாட்களுக்கு

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, வீட்டில் காய்ச்சல், கல்யாண வேலை என்று தொடர்ச்சி அறுந்துபோகும். அறுந்தால் ஈடுகட்ட முயலாதீர்கள்; ஞாயிறன்று ஏழு நாள் பாக்கியைச் சேர்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகுதான் வலிக்கும். அடுத்த நாள் அதே கால் மணி நேரத்துக்குப் போனால் போதும்.

ஆடி மாதம் தனிக்கதை. கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் ஊரின் நடுப்பகுதி முழுவதும் ஒலிபெருக்கியும் கூழும் வேப்பிலையும்தான். அந்த நாட்களில் என் தூணைப் பக்தர்களுக்கு விட்டுவிட்டு மாடிக்கு மாறிக்கொள்கிறேன். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் மாலையில் மாடியும் வேண்டாம். தெருவில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பக்கத்து வீட்டுப் பையன் சிவபெருமானாக வேடமிட்டு அலங்கார வண்டியின்மேல் கொட்டாவியை அடக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள். சென்ற முறை அவன் என்னைப் பார்த்து, அபய முத்திரை கலையாமல், ஒரு விரலை மட்டும் அசைத்தான்.